ஒரு சாண் குறைந்த திரை

"குடையை மடக்குங்க சார்! வெளியிலயே மடக்குங்கன்னு சொல்றேன்ல... ஐயையோ!"

மிலேனா கத்தி முடிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அந்த நெட்டை ஆசாமியின் குடையிலிருந்து மழைநீர் சளசளவென்று கொட்டி, வாசலோரம் காட்சிக்கு மாட்டியிருந்த வெள்ளை வலைத்திரையைப் பாதி நனைத்துவிட்டது. காலையில்தான் இஸ்திரி போட்டு, மடிப்பு மடிப்பாகக் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள். ஒரு மணி நேர வேலை!

"மன்னிச்சுக்குங்க... வெளியில மழை" என்றான் அவன்.

"அப்படியா? நான் வெயில்னு நெனச்சேன்."

வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஈஸ்டருக்கு இன்னும் இரண்டே வாரம். லூப்ளின் நகரத்தில் இந்த இரண்டு வாரமும் திரைச்சீலைக் கடையில் நிற்க இடம் கிடைக்காது. பண்டிகைக்கு முன் ஜன்னலைக் கழுவி, துவைத்து வெளுத்த திரையை மாட்டாத வீட்டுக்காரிக்கு மாடிப்படியில் அக்கம்பக்கத்தார் முன் மானம் போய்விடும். அப்படிப்பட்ட நெரிசலில் வந்து நின்றான் அவன், அசடு வழிய.

மிலேனா அவனை முறைத்தாள். முறைத்தவள்... ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டாள். சாம்பல் நிறக் கண்கள். இமையில் மழைத்துளி. ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம், பத்து நாள் தூங்காதவனைப் போல. இன்னொன்றையும் அவள் கவனித்தாள். கையில் குடை இருந்தும் அவன் தலையிலிருந்து தோள்வரை தொப்பலாக நனைந்திருந்தான். அவன் அணைத்துப் பிடித்திருந்த துணிமூட்டை மட்டும் சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. குடை பிடித்தது மூட்டைக்குத்தான்!

சரி, பைத்தியம்தான்... ஆனால் நல்ல பைத்தியம், என்று நினைத்துக்கொண்டாள்.

"என்ன வேணும் சார்?"

"ஜன்னலுக்குத் திரை. இந்தத் துணியில."

"எத்தனாவது மாடி?"

"கீழ் வீடு."

"ஜன்னல் கிழக்கா, மேற்கா?"

"அது தெரியாது. ஆனா காலையில சூரியன் நேரா என் மூஞ்சியிலதான் உதிக்கும்."

"அப்ப கிழக்கு. இப்ப ஜன்னல்ல என்ன மாட்டியிருக்கீங்க?"

அவன் தயங்கினான். "கம்பளி... ஆணி அடிச்சு."

வரிசையில் ஒரு கிழவி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். மிலேனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கம்பளியா! அக்கம்பக்கத்துல யாராவது உங்களோட பேசுறாங்களா?"

"பேசறதில்ல, பாக்கறாங்க. எதிர் பெஞ்சுல மூணு அம்மாமாருங்க காலையிலேர்ந்து என் ஜன்னலையேதான் பாக்கறாங்க. நான் ராத்திரி பஸ் ஓட்டறவன். பகல்ல தூங்குனா குடிகாரன்னு பேர் வெச்சுட்டாங்க."

அவன் பெயர் வித்தெக். மூட்டையை அவிழ்த்தான். உள்ளே வெளுப்பும் பழுப்புமாக, கனமான லினன் துணி. மிலேனா விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். இப்படி ஒரு நெசவைத் தொட்டு எத்தனை வருஷமாயிற்று!

"எங்கம்மா லினன் ஆலையில இருபத்தெட்டு வருஷம் வேலை பாத்தாங்க. ஆலையை மூடும்போது கடைசியா தறியிலேர்ந்து இறங்குன துணி இது. 'உனக்குன்னு ஒரு வீடு வரட்டும், ஜன்னல்ல மாட்டலாம்'னு பெட்டியில வெச்சிருந்தாங்க. போன மாசம்தான் வீடு வந்துது. ஈஸ்டருக்கு அம்மா வர்றாங்க. வாசல்ல காலடி வைக்கும்போதே இது ஜன்னல்ல தொங்கணும். அவ்வளவுதான் என் ஆசை."

"கெட்டுப் போனா வேற துணி கிடையாதா?"

"கிடையாது."

"பயப்படாதீங்க. பதினோரு வருஷமா இந்தக் கையில ஒரு துணிகூடக் கெட்டதில்ல" என்றாள் மிலேனா, கழுத்தில் தொங்கிய டேப்பைச் சுண்டிவிட்டபடி. பெருமைதான். இல்லாமலா? கடை முதலாளி போஜேனா அக்காவே, "மிலேனா வெட்டினா கடவுளே வெட்டின மாதிரி" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லுவாள்.

அவன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். அதில் இரண்டே எண்கள். அவள் பார்த்த மாத்திரத்தில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எதை அளந்தீங்க? கண்ணாடியையா?"

"ஜன்னல்னா கண்ணாடிதானே?"

"சார்... திரை தொங்கப்போறது கண்ணாடியில இல்ல, கம்பியில! கம்பி ஜன்னலைவிட ரெண்டு பக்கமும் ஒரு சாண் நீளமா இருக்கணும். இல்லேன்னா ஓரத்துல வெளிச்சம் கசிஞ்சு உங்க தூக்கத்தைக் கெடுக்கும். துணி கம்பியைப்போல ரெண்டு மடங்கு அகலம் வேணும். அப்பதான் மடிப்பு விழும். சரியா ஒரு மடங்கு மாட்டினீங்கன்னா கொடியில போர்வை காயுற மாதிரிதான் இருக்கும். ஜன்னலுக்குக் கீழ ஹீட்டர் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப தரைவரைக்கும் வேண்டாம். ஹீட்டரை மூடினா சூடெல்லாம் ஜன்னலுக்கும் திரைக்கும் நடுவுல போயிடும், நீங்க நடுங்குவீங்க. ஜன்னல் திண்டுக்குக் கீழ நாலு விரல் இறங்கி நின்னா போதும். பின்னால கறுப்பு லைனிங் குடுத்துடறேன், நட்டநடுப் பகல்லயும் இருட்டா இருக்கும். கண்ணாடிப் பக்கமா மெல்லிசா ஒரு வலைத்திரை. பெரிய திரையை விலக்கினாலும் வெளிச்சம் வரும், பெஞ்சு அம்மாமாருங்க கண்ணு வராது."

அவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். "இதையெல்லாம் எங்க படிச்சீங்க?"

"ஜன்னல்லதான். போய் ஒழுங்கா அளந்துட்டு வாங்க."

மறுநாள் வந்தான். குடையை வெளியிலேயே மடக்கிவிட்டு வந்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

"அகலம் அளந்துட்டேன்" என்றான்.

"உயரம்?"

"அது... மறந்துட்டேன். நாளைக்கு."

அதற்கடுத்த நாள் உயரத்தோடு வந்தான். ஆனால் கம்பியிலிருந்து திண்டுவரைதான் அளந்திருந்தான், நாலு விரலை விட்டுவிட்டான். மறுபடி ஒரு நாள். பிறகு ஹீட்டர் எவ்வளவு தூரம் துருத்திக்கொண்டிருக்கிறது என்று மிலேனா கேட்க, அதற்கு ஒரு நாள். ஒவ்வொரு நாளும் இரவு வேலை முடிந்து, தூங்காமல், அந்தச் சாம்பல் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்பான்.

"வீட்ல டேப் இருக்கா இல்லையா?" என்றாள் ஒரு நாள்.

"இருக்கே."

"அப்புறம் ஏன் ஒரே நாள்ல எல்லாத்தையும் அளக்கக் கூடாது?"

"அளந்துட்டா..." அவன் மேஜையைப் பார்த்தான். "அப்புறம் வர வேண்டியிருக்காதே."

மிலேனாவுக்குக் காது மடல்வரை சூடேறியது. டேப்பை எடுத்து எதையோ அளப்பவள்போலக் குனிந்துகொண்டாள். எதை அளந்தாள்? மேஜையைத்தான். பதினோரு வருஷமாக அளந்த அதே மேஜை. கல்லாவில் இருந்த போஜேனா அக்கா தொண்டையைச் செருமினாள்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துத் திங்கட்கிழமை அவன் ஒரு பொட்டலத்தோடு வந்தான். சுடச்சுடக் கசகசா ரொட்டி. "பஸ் டிப்போ பக்கத்துல ஒரு கடை... காலையில முதல் ஈடு. நீங்க சாப்பிட்டிருக்க மாட்டீங்கன்னு..." என்று இழுத்தான். நின்றபடியே இருவரும் தின்றார்கள். இரவு பஸ்ஸில் கடைசி இருக்கையில் ஏறும் குடிகாரர்கள் பாடும் பாட்டை அவன் பாடிக் காட்டினான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் உதட்டோரம் கசகசா ஒட்டியிருந்தது. சொல்லலாமா, வேண்டாமா... சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தது.

புதன்கிழமை திரை தயார். அவன் வாங்கிக்கொண்டு போனபோது, "அம்மா சனிக்கிழமை ராத்திரி வர்றாங்க. மாட்டறதுக்கு முன்ன ஒரு தடவை துவைக்கணும்னு கண்டிப்பா சொல்லியிருக்காங்க" என்றான்.

"தாராளமா துவைங்க. ஒண்ணும் ஆகாது" என்றாள் அவள்.

ஆயிற்று.

வெள்ளிக்கிழமை மதியம், கடை பிதுங்கி வழிந்தபோது, அவன் வந்தான். சிரிப்பில்லை. திரையை மேஜையில் விரித்தான். லினன் ஒரு சாண் சுருங்கி மேலே ஏறியிருந்தது. லைனிங் சுருங்கவில்லை. பாவாடைக்குக் கீழே உள்பாவாடை எட்டிப் பார்ப்பதுபோல, கறுப்புத் துணி ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது.

"மாட்டிப் பாத்தேன்... திண்டுக்கு மேலயே நின்னுடுது" என்றான் மெல்ல. "என்ன ஆச்சுன்னு தெரியல."

மிலேனாவுக்குத் தெரிந்துவிட்டது. லினனை வெட்டுவதற்கு முன் வெந்நீரில் ஊறப்போட்டு, ஈரத்தோடு இஸ்திரி போட்டு, அது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். தையல் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் இது அரிச்சுவடி. திங்கட்கிழமை அதற்குத்தான் வெந்நீர் வைத்தாள். அப்போதுதான் கசகசா ரொட்டி வந்தது. அவன் போன பிறகு, அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, நேராகக் கத்தரியைக் கையில் எடுத்தாள். வெந்நீர் அடுப்பிலேயே ஆறிப்போனது.

"என்ன மிலேனா?" கல்லாவிலிருந்து போஜேனா அக்காவின் குரல். வரிசையில் பன்னிரண்டு ஜோடிக் கண்கள். "நனைச்சுத்தானே வெட்டினே?"

"நனைச்சேன் அக்கா" என்று வந்துவிட்டது வாயில். ஒரு பொய் வந்தால் அடுத்தது தானாக வருமே! அவன் பக்கம் திரும்பினாள். "எத்தனை டிகிரியில துவைச்சீங்க?"

"அறுபதுல..."

"அதான். அறுபதுல போட்டா சுருங்காம என்ன செய்யும்?"

அவன் அவளையே பார்த்தான். சந்தேகம் துளியும் இல்லாத பார்வை. அதுதான் அவளைக் கொன்றது.

"ஓ... அப்ப என் தப்புதான்" என்றான். திரையை அழகாக மடிக்கக்கூடத் தெரியாமல் சுருட்டி, மார்போடு அணைத்துக்கொண்டான். "அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு... சரி. உங்களை வேற கூட்டத்துல தொந்தரவு பண்ணிட்டேன். வர்றேங்க."

போய்விட்டான். மழையில். குடையை மறந்து வைத்துவிட்டு.

அன்று மாலை மிலேனாவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. கடையில் பெயர் பிழைத்தது. யாருக்கும் தெரியாது. ஆனால் இருபத்தெட்டு வருஷம் உழைத்தவளின் துணியை தானே கெடுத்துவிட்டு, பழியை அந்தத் தாயின் மகன் தலையில் போட்டிருக்கிறாள். அந்த அம்மா ஆலைக்காரி. துணியைத் தொட்டதும் தெரிந்துவிடும். அப்போது அவன் தன்னைப்பற்றி என்ன நினைப்பான்? நினைக்கட்டும், நினைக்க வேண்டியதுதான். ஆனால் அதைத் தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும்... அவனுக்கு முன்னால், அவன் முகத்தைப் பார்த்து.

ஈஸ்டருக்கென்று தனக்குத் தைத்து வைத்திருந்த கருநீல லினன் பாவாடையை எடுத்தாள். நனைத்து, சுருக்கி, முறையாகத் தைத்தது. தையலைப் பிரித்து, ஒரு சாண் அகலப் பட்டைகளாக வெட்டினாள்.

சனிக்கிழமை நண்பகல் கடை சாத்தியதும் போஜேனா அக்கா முன்னால் போய் நின்றாள். "அக்கா, நேத்து நான் பொய் சொன்னேன். அந்தத் துணியை நனைக்கல."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதா? வெச்ச வெந்நீர் அப்படியே கிடந்த பானையைக் கழுவி வெச்சது யாரு, நான்தானே. நீயா சொல்றியான்னு பாத்தேன். போ... அந்தப் பையன்கிட்டப் போய்ச் சொல்லு."

தெருவெங்கும் ஜனங்கள் கூடையோடு நடந்தார்கள். முட்டையும் ரொட்டியும் உப்பும் வைத்து, வெள்ளைத் துணி போர்த்து, தேவாலயத்தில் தீர்த்தம் தெளித்து வாங்க. மிலேனாவின் பையில் நீலப் பட்டையும் ஊசி நூலும் அவன் குடையும் இருந்தன. ரசீதில் இருந்த முகவரி. பெஞ்சில் மூன்று அம்மாமார்கள், சொன்னபடியே, காவல் காத்தார்கள். ஜன்னலில் கம்பளி.

கதவைத் திறந்தவன் திகைத்து நின்றான். "நீங்களா!"

"யாருடா அது?" உள்ளேயிருந்து ஒரு குரல். ராத்திரி வர வேண்டிய அம்மா காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டிருந்தாள்.

யானினா அம்மாள் மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். குட்டையான, கெட்டியான உடம்பு. முன்னால் அந்தத் திரை விரிந்து கிடந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மிலேனாவைப் பார்த்தாள்.

"வாம்மா. நீ யாரு?"

"அம்மா, இவங்க..." வித்தெக் முந்திக்கொண்டான். "எனக்குத் தெரிஞ்சவங்க. சும்மா பாக்க வந்திருக்காங்க."

"உட்காரும்மா. நீயே சொல்லு, இது நியாயமா? அறுபதுல துவைச்சதாலதான் சுருங்குச்சாம், இவன் சொல்றான். கொதிக்கிற தண்ணியிலயே போடட்டுமே! முறைப்படி நனைச்ச லினன் இப்படிச் சுருங்காது. எவளோ ஒருத்தி நனைக்காம கத்தரி வெச்சிருக்கா. அந்தத் தையக்காரி மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

வித்தெக் ஒரு கணம் மிலேனாவைப் பார்த்தான். அந்த ஒரு கணத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது. நேற்று கடையில் அத்தனை பேர் முன்னால்... பழியை எப்படி அவன் தலையில் கட்டினாள் என்று. அவன் முகம் வாடியது. வாடியதைப் பார்த்தாள்.

ஆனால் அவன் சொன்னது வேறு.

"அம்மா, தையக்காரிமேல தப்பில்ல. நான்தான் அவசரப்படுத்தினேன். நனைக்கவெல்லாம் நேரமில்ல, அப்படியே வெட்டுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"நீயா? உனக்கென்னடா தெரியும் நனைக்கறதும் நனைக்காததும்?"

"சொன்னேம்மா. விடு."

மிலேனாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அவர் பொய் சொல்றாரும்மா" என்றாள். "அவர் ஒண்ணுமே சொல்லல. அந்தத் தையக்காரி நான்தான். நனைக்க மறந்தது நான். நேத்து கடையில எல்லார் முன்னாலயும் பழியை இவர் மேல போட்டதும் நான்தான். இவர் அதை நம்பி, என்கிட்டயே மன்னிப்புக் கேட்டுட்டுப் போனார்."

சமையலறையில் முட்டை கொதித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை வருஷமா தைக்கறே?" என்றாள் அம்மாள்.

"பதினோரு வருஷம்."

"இதுக்கு முன்ன எத்தனை தடவை நனைக்க மறந்தே?"

"ஒரு தடவைகூட இல்லம்மா."

"அப்ப இந்தத் தடவை மட்டும் ஏன்?"

மிலேனா தரையைப் பார்த்தாள். சொல்லாமல் திரும்பிப் போய்விடலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு ஓடுவதற்கு, நேற்றைய பொய்யே தேவலாம்.

"இவர் நெனப்பாவே இருந்தேம்மா" என்றாள். "தண்ணி வெச்சதும் தெரியல, வெட்டினதும் தெரியல. ஒரு வாரமா எனக்கு எதுவுமே தெரியல."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அழுகை வந்தது. அவன் பக்கம் திரும்பத் துணிவில்லாமல், பையிலிருந்த நீலப் பட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். "அடியில இதைக் கோத்துட்டா உயரம் சரியாயிடும். நனைச்ச துணிதான், சத்தியமா."

யானினா அம்மாள் பட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மடிப்புத் தழும்பைத் தடவினாள். "பாவாடையைப் பிரிச்சியா?"

"ஆமாம்மா."

"ஈஸ்டர் பாவாடையா?"

மிலேனா தலையாட்டினாள். அம்மாள் பெருமூச்சு விட்டாள். "ஆனைக்கும் அடி சறுக்கும். தறியில நான் விடாத நூலா? என் புருஷன் ஆலை வாசல்ல சைக்கிளோட நின்ன காலத்துல, ஒரு மாசம் என் தறியில துணியே உருப்படியா இறங்கல. மேஸ்திரி என்னை வெளியில அனுப்பறேன்னே சொல்லிட்டான்." மூக்குக்கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டாள். "முட்டை வெடிச்சுடும். நான் பாக்கறேன். வந்ததும் நீ அந்த முனையில தை, நான் இந்த முனையில தைக்கறேன்." எழுந்து சமையலறைக்குப் போய், கதவையும் சாத்திக்கொண்டாள்.

மிலேனா அவன் பக்கம் திரும்பினாள்.

"கோவமா?" என்றாள் மிலேனா.

"நேத்து இருந்துது. என்மேலதான். துணியைக் கெடுத்துட்டோமேன்னு." அவன் ஓரடி கிட்டே வந்தான். "இப்ப கொஞ்சம் உங்கமேல. நேத்தே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும். பயம். பேர் போயிடுமேன்னு."

"இப்ப பயமில்லையா?"

"இப்பவும்தான். வேற பயம்."

அவன் அந்தத் தூங்காத கண்களால் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். "மிலேனா, நேத்து மழையில நடந்து வரும்போது அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னுகூட நான் யோசிக்கல. திரை தைச்சு முடிஞ்சுபோச்சே, இனிமே எந்தச் சாக்குல அந்தக் கடைக்குப் போறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டே வந்தேன். எனக்கு உன்னை அவ்வளவு பிடிச்சிருக்கு. நீ என்னைத் திட்டினாலும், பழி போட்டாலும்... பிடிச்சிருக்கு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "சாக்கு எதுக்கு? சும்மாவே வரலாமே."

"சும்மாவே வந்தா என்ன சொல்லுவே?"

"இப்ப சொன்னதைத்தான் சொல்லுவேன். எனக்கும் உன்னை விட்டா வேற நெனப்பே இல்லன்னு."

சமையலறைக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. "நாளைக்குக் காலையில எத்தனை தட்டு வைக்கறது?" என்று கேட்டாள் யானினா அம்மாள்.

வித்தெக் மிலேனாவைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தானே பதில் சொன்னாள்.

"மூணும்மா."